காணாமல் போன ஊசிமுனை

மடிப்புக்காரி நொண்டுவது சுத்த நடிப்பு என்று மேற்பார்வையாளர் முடிவு கட்டி மூன்று வாரம் ஆகியிருந்தது. முடிவு கட்டிய பிறகுதான் ஆதாரம் தேட ஆரம்பித்தார். முதலில் சந்தேகம், பிறகு சாட்சி என்பது அவருடைய முறை. இந்த முறையில் தான் இதுவரை தோற்றதே இல்லை என்று அவரே அடிக்கடி சொல்லிக்கொள்வார். வேறு யாரும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் படுக்கை விரிப்பு துவைத்துக் கொடுக்கும் சலவைக் கம்பெனி அது. பின்வாசல் வழியாக அழுக்கு மூட்டை வரும்; முன்வாசல் வழியாக வெள்ளை அடுக்குகளாகப் போகும். நடுவில் துவைக்கும் இயந்திரங்கள், இஸ்திரி போடும் பெரிய சூட்டு உருளை, கடைசியில் மடிப்புக்காரி வேலை செய்யும் மடிப்புக்கூடம், அதன் மூலையில் கிழிசல் தைக்க ஒரு மேசை, ஒரு நாற்காலி. உருளையிலிருந்து வழிகிற விரிப்பின் நுனி தரையைத் தொடும் என்பதால், கூடத்தின் சிமெண்டுத் தரை முழுக்க வெள்ளைத் துணி விரித்திருப்பார்கள். செருப்பும் ஷூவும் வாசலோடு சரி. உள்ளே எல்லோரும் வெறுங்கால். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் மேற்பார்வையாளர். தனக்கு மட்டும் கறுப்பு சாக்ஸ் என்று ஒரு சலுகை வைத்துக்கொண்டார். மடிக்கிறவர்களுக்கும் மடிப்பதைப் பார்க்கிறவருக்கும் ஒரு வித்தியாசம் வேண்டாமா?

அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைப் 'பூதக்கண்ணாடி' என்று கூப்பிட்டார்கள். அது அவருக்குத் தெரியும். அந்தப் பெயரை யார் வைத்தது என்றும் கண்டுபிடித்து, அந்த ஆளை ஆறு மாதம் அழுக்கு மூட்டை பிரிக்கும் வேலைக்கு அனுப்பினார். பெயர் வைத்தது வேறு ஆள்.

மடிப்புக்காரி விஷயத்துக்கு அவர் தனியாக ஒரு சின்ன நோட்டே போட்டிருந்தார். சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். ஒரு நாள் பக்கம் இப்படி:

'8.05 - நொண்டுகிறாள். வாசலிலிருந்து மேசை வரை சுவரைப் பிடித்தபடி.
8.40 - நொண்டவில்லை.
10.45 - டீ குடித்துவிட்டு எழுந்ததும் நொண்டுகிறாள்.
11.05 - நொண்டவில்லை.
1.30 - சாப்பிட்டு எழுந்ததும் பலமான நொண்டல். அம்மா என்று கத்தினாள்.
1.55 - நொண்டவில்லை.'

ஒவ்வொரு 'நொண்டவில்லை'க்கும் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார். அவருடைய வாதம் சுலபமானது. வேலை செய்தால் வலிக்க வேண்டும், உட்கார்ந்தால் குறைய வேண்டும். அதுதான் உலக வழக்கம். உட்கார்ந்து ஓய்வெடுத்து எழுந்தால் வலிக்கிறது, வேலை செய்தால் வலி போய்விடுகிறது என்றால் யார் காதில் பூ சுற்றுகிறாள்?

ஒரு நாள் நேராகவே கேட்டார். "ஏம்மா, காலைல இருந்த வலி இப்போ எங்க போச்சு?"

"நடக்க நடக்க கொஞ்சம் விட்டுடுது சார். உக்காந்து எந்திரிச்சா மறுபடியும் குதிகால்ல ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு. சாயங்காலமும் தாங்க முடியல. புதன்கிழமை டாக்டரம்மாகிட்ட காட்டலாம்னு பாத்தேன். ஒரு சீட்டு எழுதிக் குடுங்க சார்."

கம்பெனி டாக்டரம்மா வாரத்தில் ஒரு நாள், புதன்கிழமை வருவார். அவரைப் பார்க்க மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். இந்த ஏற்பாட்டையும் கொண்டுவந்தது யார் என்று சொல்லத் தேவையில்லை.

"டாக்டர்கிட்ட போனா, 'உக்காந்து பாக்குற வேலை குடுங்க'னு எழுதித் தருவாங்க. அந்தத் தையல் மேசை நாற்காலி மேல உனக்கு எப்பவுமே ஒரு கண்ணுதான். அதானே விஷயம்?"

"நாற்காலி எனக்கு எதுக்கு சார்? வலி போனா போதும்."

"எனக்கும்தான் ரெண்டு காலு இருக்கு. பதினாறு வருஷமா இந்தக் கூடத்துல நின்னுக்கிட்டேதான் இருக்கேன். ஒரு நாளாவது வலின்னு சொல்லியிருக்கேனா?"

சொன்னதில்லை. அது உண்மை. அதிலும் இந்த ஒரு வருடமாக வலி என்ன, தரையே சரியாகத் தெரிவதில்லை. பஞ்சு மேல் நடப்பது மாதிரி இருக்கும். சாக்ஸைக் கழற்றிய பிறகும் போட்டிருப்பது மாதிரியே இருக்கும். உழைத்து உழைத்து உரமேறிய கால் என்று அதில் அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

சீட்டு கொடுக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமைதான் வினை வந்தது. தையல்காரர் விடுப்பு. கிழிந்த விரிப்புகள் சேர்ந்துவிட்டன. தைக்கத் தெரிந்தவள் என்று மேனேஜர் மடிப்புக்காரியை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். மேற்பார்வையாளருக்கு வயிறு எரிந்தது. மூன்று வார நடிப்புக்குப் பரிசு கிடைத்துவிட்டதே! பதினொரு மணி வாக்கில் தடித்த ஓரத்தில் மாட்டி மெஷின் ஊசி 'டக்'கென்று உடைந்தது.

சலவைக் கம்பெனியில் ஊசி உடைவது சாதாரணம் இல்லை. உடைந்த ஊசியின் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, ஒரு பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் தேதி எழுத வேண்டும். துண்டுகளைச் சேர்த்தால் முழு ஊசி வர வேண்டும். வராவிட்டால் அன்றைக்குக் கூடத்தில் இருந்த ஒரு விரிப்பும் வெளியே போகக்கூடாது. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற யார் முதுகிலாவது முனை ஏறிவிட்டால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். அன்றைக்கு ஊசியின் மேல்பாதி மெஷினிலேயே இருந்தது. முனை இல்லை. ஒரு அரிசி நீளம்தான் இருக்கும், அது மாயமாய்ப் போய்விட்டது.

மேனேஜர் அதிகம் பேசாதவர். "புதன்கிழமை வரைக்கும் தேடுங்க. கெடைக்கலன்னா யார் கையில ஒடஞ்சுதோ அவங்க வேலைய விட்டுப் போகட்டும்," என்றார்.

மடிப்புக்காரிக்கு வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு மாமியார், படிக்கிற பெண் ஒருத்தி, இவள் ஒருத்தியின் சம்பளம். அவள் முட்டி போட்டுத் தரையெல்லாம் துழாவினாள். மேற்பார்வையாளரும் விடவில்லை. ஒரு குச்சி நுனியில் காந்தத்தைக் கட்டிக்கொண்டு கூடத்தை அங்குலம் அங்குலமாக அலசினார். தையல் மேசைக்கு அடியில் மட்டும் சாக்ஸ் காலோடு நாலு தடவை போய் வந்தார். காந்தத்தில் இரண்டு சட்டைக் கொக்கியும் ஒரு துருப்பிடித்த ஆணியும் ஒட்டிக்கொண்டு வந்தன. முனை வரவில்லை.

வரவில்லை என்றதும் மூக்கில் வியர்த்தது அவருக்கு. தரையில் இல்லை, மெஷினில் இல்லை, துணியில் இல்லை. அப்படியென்றால் எடுத்தவள் ஒளித்து வைத்திருக்கிறாள். எதற்கு? சீட்டு கொடுக்காத கோபம். தன் மேற்பார்வைக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுக்கத் திட்டம். தன் வேலைக்கே உலை வைக்கும் திட்டத்தை ஒருத்தி எதற்குப் போடுவாள் என்ற கேள்வி அவருக்கு வரவில்லை. சந்தேகம் வந்தவருக்குக் கேள்வியெல்லாம் ஒரே பக்கம் பார்த்துத்தான் வரும்.

வெள்ளிக்கிழமை போயிற்று. சனிக்கிழமை போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு நாற்றம்.

"எலி செத்துக் கெடக்குது," என்றார் மேற்பார்வையாளர். பீரோவை நகர்த்தினார். அரிசிப் பீப்பாயை உருட்டினார். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தார். எலியைக் காணோம். பக்கத்து வீட்டுக்காரன் வேண்டுமென்றே ஜன்னல் வழியாகப் போட்டிருப்பானோ என்று ஒரு யோசனை ஓடியது.

அவர் மனைவி துவைக்கப் போட்ட சாக்ஸைக் குச்சியால் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "என்னங்க, இதோட அடியில என்னமோ காஞ்சு ஒட்டியிருக்கு."

"மெஷின் கிரீஸா இருக்கும்."

"கிரீஸ் இப்படியா நாறும்? காலக் காட்டுங்க பாப்போம்."

"வலிக்கவே இல்ல, எதுக்குக் காட்டணும்? வேலையப் பாரு."

"ஒடம்பு வேற நேத்துலேருந்து சுடுது உங்களுக்கு. அந்தச் சக்கரை மாத்திரையாவது ஒழுங்கா..."

அவ்வளவுதான், அவருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. சர்க்கரை என்ற பேச்சே அந்த வீட்டில் ஆகாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மச்சினன், "மாமா, சும்மா ஒரு சொட்டு," என்று விரலில் குத்திப் பார்த்து, சர்க்கரை எக்கச்சக்கம் என்று சொன்னான். ரத்தப் பரிசோதனைக்கூடமும் அதையே சொன்னது. மேற்பார்வையாளருக்குக் கணக்கு உடனே புரிந்துவிட்டது: மச்சினனுக்கு மாத்திரை விற்க வேண்டும், பரிசோதனைக்கூடத்தில் வேறு யார் ரத்தத்தையோ மாற்றி வைத்திருக்கிறார்கள், அக்காவும் தம்பியும் கூட்டு. ஒரு மாதம் மாத்திரை போட்டார். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நிறுத்தினார். அப்போதும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

"உன் தம்பிக்கு இந்த மாசம் வியாபாரம் கம்மியோ?" என்று கேட்டுவிட்டு மறுபடி எலியைத் தேடப் போனார். மனைவி அந்த சாக்ஸைத் துவைக்காமல் குப்பையில் போட்டாள்.

திங்கட்கிழமை மடிப்புக்கூடத்தில் கறை.

வெள்ளைத் துணி மேல் சின்னச் சின்னதாக, மஞ்சளும் பழுப்பும் கலந்த பொட்டுகள். ஒரு அடி இடைவெளி, இரண்டு அடி இடைவெளி விட்டு வரிசையாகப் போயின. மேற்பார்வையாளர் குனிந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார். ஏதோ புண்ணிலிருந்து வடிந்தது. சந்தேகமே இல்லை. ஆஸ்பத்திரி விரிப்பு மடிக்கிற இடத்தில் புண்ணோடு நடமாடுவது ஊசி தொலைப்பதை விடப் பெரிய குற்றம்.

உடனே வழக்கு ஒரு திருப்பம் எடுத்தது. ஆக, மடிப்புக்காரியின் காலில் ஏதோ இருக்கிறது. நடிப்பு இல்லை, மறைப்பு! மூன்று வாரமாக நடிப்பு என்று எழுதியதை அவர் ஒரு நொடியில் கைவிட்டார், அவளைக் கைவிடவில்லை.

கறை போகும் வழியைத் தொடர்ந்து போனார். தையல் மேசைக்குப் போனது. ஜன்னலுக்குப் போனது. உருளைக்குப் போனது. கடைசியில் அவர் வழக்கமாக நின்று நோட்டு எழுதும் தூணுக்கு அடியில் வந்து நின்றது. அங்கேதான் கறை அதிகம். மேற்பார்வையாளருக்கு ஒரு கணம் புரியவில்லை. அடுத்த கணம் புரிந்துவிட்டது. நான் இல்லாத நேரம் பார்த்து என் இடத்துக்கு வந்து என்னையே வேவு பார்க்கிறாளா இவள்? எவ்வளவு துணிச்சல்!

துணியை மாற்றச் சொன்னார். செவ்வாய்க்கிழமை புதுத் துணியிலும் கறை. அவள் காலை அப்போதே தூக்கிக் காட்டச் சொல்லியிருக்கலாம். ஆனால் கையும் களவுமாகப் பிடிப்பதை நாலு பேர் மதிக்கிற ஆள் முன்னால் செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை. புதன்கிழமை டாக்டரம்மா வருவார். மூன்று வாரமாக எழுத மறுத்த சீட்டை அவர் தன் கையாலேயே எழுதினார். மேனேஜருக்கு ஒரு அறிக்கையும் எழுதி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். 'ஊசிமுனையை மறைத்தது, காலில் உள்ள தொற்றை மறைத்தது, ஆகவே வேலையிலிருந்து நீக்கப் பரிந்துரைக்கிறேன்.' கையெழுத்துப் போட்டாகிவிட்டது. கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

"வாம்மா, டாக்டர்கிட்ட போலாம்," என்றார் புதன்கிழமை காலை.

மடிப்புக்காரி நம்ப முடியாமல் பார்த்தாள். "இப்போவா சார்?"

"நாலு மணிக்குள்ள மேனேஜர் பதில் கேப்பாரு. வா வா."

டாக்டரம்மாவின் அறை கூடத்தை அடுத்து இருந்தது. வெள்ளை டைல்ஸ் போட்ட சின்ன அறை. ஒரு படுக்கை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி. மேற்பார்வையாளர் ஷூ மாட்டிக்கொள்ளக்கூடப் பொறுக்காமல் சாக்ஸ் காலோடு முன்னால் நடந்தார். மடிப்புக்காரியைப் படுக்கையில் உட்காரச் சொல்லிவிட்டு, டாக்டரம்மா கேட்பதற்கு முன்பே நோட்டை மேசை மேல் வைத்தார்.

"படிங்க டாக்டர். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க."

டாக்டரம்மா ஒரு பக்கம் படித்தார். இரண்டாவது பக்கம் படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது பக்கமும் படித்தார். "இத யார் எழுதினது?"

"நான்தான்." அவருக்கு மார்பு நிமிர்ந்தது.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க சார். எங்ககிட்ட வர்றவங்க யாருமே இவ்வளவு துல்லியமா சொல்ல மாட்டாங்க." டாக்டரம்மா மடிப்புக்காரியின் பக்கம் திரும்பினார். "காலைல படுக்கையிலேருந்து எறங்கி மொத அடி வெக்கும்போது எப்படிம்மா இருக்கும்?"

"உயிரே போயிடும் டாக்டர். சுவத்தப் பிடிச்சுக்கிட்டுதான் பல்லு வெளக்கப் போவேன். பொண்ணு பாத்தா பயப்படுவான்னு சத்தம் போடாம அழுவேன்."

டாக்டரம்மா அவள் குதிகாலின் உள்பக்கத்தில் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். மடிப்புக்காரி துள்ளி எழுந்து "அய்யோ!" என்று அலறினாள். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. நடிக்கிறவளுக்கு அப்படிக் கொட்டாது என்பது மேற்பார்வையாளருக்கே தெரிந்தது.

"குதிகால்லேருந்து விரல் வரைக்கும் பாதத்துக்கு அடியில பட்டையா ஒரு நார் ஓடுது," என்றார் டாக்டரம்மா. "அது நைஞ்சு போயிருக்கு. உக்காந்தா, தூங்கினா, அது இறுகிக்கும். எழுந்து மொத அடி வெச்சதும் சுண்டி இழுக்கும். கொஞ்ச நேரம் நடந்தா இளகும், வலி கொறையும். ரொம்ப நேரம் நின்னா மறுபடி வரும். சார் எழுதியிருக்கறது அப்படியே அதுதான். எத்தன நாளா இருக்கும்மா?"

"நாலு மாசமா டாக்டர்."

"நாலு மாசமா? ரெண்டு வாரத்துல கொறையலன்னாலே வந்திருக்கணுமே. ஏன் வரல?"

மடிப்புக்காரி சேலை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தரையைப் பார்த்தாள். மேற்பார்வையாளர் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தார்.

"நாள் பூரா வெறுங்கால்ல சிமெண்டுத் தரையில நின்னா வராம என்ன செய்யும்? கூடத்துக்குள்ள மெத்துனு அடி வெச்ச செருப்பு போடச் சொல்லணும். யாரு அங்க வெறுங்கால்னு சட்டம் போட்டது?"

மேற்பார்வையாளர் நாட்காட்டியில் அடுத்த மாதத்தைப் புரட்டிப் பார்த்தார்.

மேற்பார்வையாளரின் வழக்கில் பாதி போய்விட்டது. ஆனாலும் அவரிடம் துருப்புச்சீட்டு ஒன்று மிச்சம் இருந்தது. "சரி டாக்டர். வலி நெஜம்னே வெச்சுக்குவோம். அப்போ கறை? ரெண்டு நாளா கூடம் பூரா சீழ் கறை. இவ காலுல புண்ணு இருக்கு. அத மறைக்கிறா. பாருங்க!"

"எனக்கு எந்தப் புண்ணும் இல்ல சார்!" மடிப்புக்காரியின் குரல் முதல் முறையாக உயர்ந்தது. "பாத்துக்குங்க! நல்லா பாத்துக்குங்க!" இரண்டு பாதத்தையும் படுக்கை மேல் தூக்கி நீட்டினாள்.

டாக்டரம்மா விளக்கை இழுத்து, விரல் இடுக்கு விடாமல் பார்த்தார். குதிகாலில் இரண்டு வெடிப்பு, காய்ந்த வெடிப்பு. அதைத் தவிர ஒரு கீறல்கூட இல்லை. விளக்கைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தவர் பார்வை தரையில் போய் நின்றது. வாசலிலிருந்து வெள்ளை டைல்ஸ் மேல், மஞ்சளும் பழுப்புமாக, ஒரு அடி இடைவெளி விட்டுப் பொட்டுகள். மேசையைச் சுற்றி வந்து, மேற்பார்வையாளர் நிற்கிற இடத்தில் முடிந்தன.

மேற்பார்வையாளரும் பார்த்தார். பழக்கதோஷம்; யார் வந்தது என்று திரும்பி முதுகுப்பக்கம் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"சார், நீங்க இப்படி உக்காருங்க," என்றார் டாக்டரம்மா. குரல் மாறியிருந்தது. "சாக்ஸக் கழட்டுங்க."

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். எனக்கு வலியே இல்ல."

"கழட்டுங்க சார்."

வலது காலில் சாக்ஸ் சுலபமாக வரவில்லை; அடியில் ஒட்டியிருந்தது. உரித்து எடுத்ததும் அறை முழுக்க அந்த நாற்றம். ஞாயிற்றுக்கிழமை வீடு பூராவும் தேடிய எலி. பெருவிரலுக்குக் கீழே பாதம் வீங்கி, நடுவில் வாய் திறந்து, சுற்றிலும் கருநீலமாக இருந்தது. யாரோ வேறொரு மனிதனுடைய காலைப் பார்ப்பது மாதிரி மேற்பார்வையாளர் பார்த்தார்.

"உள்ள என்னமோ தெரியுது," என்றார் டாக்டரம்மா. "சக்கரை இருக்கா உங்களுக்கு?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். "இருக்குன்னு சொன்னாங்க," என்று வந்தது.

டாக்டரம்மா கையுறை மாட்டி, இடுக்கியை எடுத்தார். மேற்பார்வையாளர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். மடிப்புக்காரி அலறிய அலறல் காதில் இருந்தது. அவள் முன்னால் தானும் அப்படிக் கத்திவிடக் கூடாது என்று பல்லைக் கடித்தார். காத்திருந்தார். நெற்றியில் வியர்த்து வழிந்தது.

"எடுக்கும்போது சொல்லுங்க டாக்டர்."

"எடுத்தாச்சு சார்."

கண்ணைத் திறந்தார். எஃகுத் தட்டில் அரிசி நீளத்தில் ஒரு துண்டு. மடிப்புக்காரி குனிந்து பார்த்தாள். அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். "ஊசிமுனை," என்றாள். "சார், நம்ம ஊசிமுனை."

ஆறு நாளாகக் காந்தக் குச்சியோடு கூடம் முழுக்க அதைச் சுமந்துகொண்டு அதையே தேடியிருக்கிறார். மேற்பார்வையாளர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கம் வரவேண்டிய இடம்தான். ஆனால் வெட்கத்துக்கு முன்னால் வந்தது பயம். வாழ்க்கையில் அப்படியொரு பயம் அவருக்கு வந்ததில்லை.

"இவ கால அழுத்தின மாதிரி என் கால அழுத்தவே இல்லையே டாக்டர். அழுத்திப் பாருங்க."

"அழுத்திக்கிட்டுதான் சார் இருக்கேன்."

அவர் குனிந்து பார்த்தார். டாக்டரம்மாவின் கட்டைவிரல் அவர் பாதத்தில் புதைந்திருந்தது.

"இந்தம்மாவோட காலு கத்துது," என்றார் டாக்டரம்மா, கொஞ்சம் கோபமாகவே. "கத்துற கால என்னன்னு கேட்டுச் சரி பண்ணிடலாம். கொஞ்ச மாசம், பயிற்சி, நல்ல செருப்பு, அவ்வளவுதான். உங்க காலு கத்துறத நிறுத்தி ஒரு வருஷம் ஆயிருக்கும். பஞ்சு மேல நடக்குற மாதிரி இருந்துச்சா?"

தலையாட்டினார்.

"அன்னைக்கே வந்திருக்கணும். இப்போ ஒரு நிமிஷம்கூட தாமதிக்கக் கூடாது. நேரா பெரிய ஆஸ்பத்திரி. எலும்பு வரைக்கும் போயிருக்கான்னு பாக்கணும். இந்தக் காலத் தரையில வெக்காதீங்க."

வண்டி பிடிக்க மடிப்புக்காரிதான் எழுந்து போனாள். இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் அல்லவா, வாசல் வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டினாள். மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டே இருந்தார். கை பழக்கத்தில் சட்டைப்பைக்குப் போயிற்று. அங்கே நாலாக மடித்த அறிக்கைதான் இருந்தது. அதை வெளியே எடுத்து, கசக்கி, எங்கே போடுவதென்று தெரியாமல் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். வண்டி வந்ததும் அவள் தோளைக் கொடுத்தாள். நொண்டுகிறவள் மேல் சாய்ந்துகொண்டு, வலி என்பதே இல்லாத மனிதர் ஒற்றைக் காலில் தத்தித் தத்திப் போனார்.

ஊசியைப் பதிவேட்டில் ஒட்டினார்கள். மேல்பாதியும் முனையும் சேர்ந்து முழு ஊசி வந்தது. கண்டெடுத்த இடம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று மேனேஜர் வெகுநேரம் யோசித்துவிட்டு, 'மேற்பார்வையாளர்' என்று மட்டும் எழுதினார்.

இரண்டு மாதம் கழித்து அவர் வேலைக்கு வந்தார். பெருவிரலைக் கொடுத்துவிட்டு மீதிக் காலைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருந்தார். வீட்டில் காலையும் மாலையும் மனைவி கண்ணாடி பிடித்துப் பாதத்தைக் காட்டுகிறாள். மாத்திரையை எண்ணிக் கொடுக்க மச்சினனே வந்துபோகிறான். மடிப்புக்கூடத்தில் எல்லோர் காலிலும் மெத்தென்ற வெள்ளைச் செருப்பு. மத்தியானமும் ஒரு தடவை பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா உத்தரவு. அதற்காக அவரைத் தையல் மேசை நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

முதல் நாள் சாப்பாட்டு வேளையில் மடிப்புக்காரி அவர் எதிரே வந்து நின்றாள். கையில் அந்தச் சின்ன நோட்டு. டாக்டரம்மாவிடமிருந்து கேட்டு வாங்கி வைத்திருந்தாள் போலிருக்கிறது. நொண்டல் முக்கால்வாசி குறைந்திருந்தது.

"தப்புதாம்மா," என்றார் அவர். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு எவ்வளவோ யோசித்து வைத்திருந்தார். வந்தது அவ்வளவுதான்.

"ஆமா சார், தப்புதான்," என்றாள் அவள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. "கண்ணாடிய எடுங்க. கால் எப்படி இருக்கு? வலிக்குதா?"

அவர் கண்ணாடியைப் பாதத்துக்கு அடியில் பிடித்துப் பார்த்தார். "இல்லம்மா. வலி ஒண்ணும் இல்ல."

நோட்டில் அவருடைய எழுத்து முடிந்த பக்கத்துக்கு அடுத்த பக்கம் காலியாக இருந்தது. மடிப்புக்காரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுதினாள்: '1.30 - வலி இல்லை.' அதற்குக் கீழே அழுத்தமாக இரண்டு கோடு இழுத்தாள்.

"இன்னொரு தடவ நல்லா பாருங்க சார்," என்றாள்.